தாழிட்ட கலைவாயில்

"நீ எச்சமயத்தவன்?" என்று வினவிய பின்னரே பட்டம் அளித்த காலம் இங்கிலாந்திலும் இருந்தது. ஒக்ஸ்போட்டிற் புகும்போதே மாணவன் இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையொப்பமிடல் வேண்டும். கேம்பிறிட்ஜிற் படிக்கலாம், பட்டம் பெறவே அக்கையொப்பம் வேண்டும்.

யூதரான ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்ரர் 1837ஆம் ஆண்டு கேம்பிறிட்ஜின் கணிதப் பரீட்சையில் இரண்டாமிடம் பெற்றார். ஆனால் அவருக்குப் பட்டமும் இல்லை. கல்லூரி உத்தியோகமும் இல்லை.

1856ஆம் ஆண்டுச் சட்டம் பட்டத்துக்கு வழிவிட்டது. கல்லூரிப் பதவிகளுக்கு விடவில்லை. 1869இல் முதலிடம் பெற்ற யூத இளைஞர் நூமா ஹாட்டொக் அதனாலேயே பதவி இழந்தார். பிரபுக்கள் சபைக் குழுவின்முன் அவர் சாட்சியம் அளித்தார். 1871இல் சமயச் சோதனை பெரும்பாலும் நீங்கியது. அப்பயனை நுகருமுன், அவ்வாண்டே, தமது 25ஆம் வயதில் அவர் காலமானார். சில்வெஸ்ரர் 1872இற் பட்டம் பெற்றார். 1883இல், 69ஆம் வயதில், ஒக்ஸ்போட்டிற் பேராசிரியரானார்.

ஆயினும் பெண்களுக்குக் கேம்பிறிட்ஜ் சரிநிகரான பட்டம் அளித்தது 1948இலேதான். ஒருவருக்குத் திறந்த கதவு மற்றவருக்கும் திறந்ததாகாது.

இளைஞர்களே, நமக்கு அடைபட்ட வாயிலை நாம் எளிதிற் காண்கிறோம். நாம் அடைத்து வைத்திருக்கும் வாயில்களையும் தேடிப் பார்ப்போமாக.