சர்ச் ஆர்கனின் தம்பி, நம்ம ஊர் நாடக மேடைக்கு வந்த கதை!

கீழக்குயில்குடி மாதிரி மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்கள் பக்கம் திருவிழா என்றால் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நாடகம் நடக்கும். மேடை ஓரத்தில் இருக்கும் ஆர்மோனியக்காரர்தான் நடிகர்களுக்குச் சுருதி கொடுப்பவர். அவர் முன்னால் இருக்கும் பெட்டி, சர்ச் ஆர்கனின் சொந்தக்காரன் தெரியுமா?

குழாய் போச்சு, நாக்கு வந்துச்சு

பைப் ஆர்கனில் காற்று குழாய்களுக்குள் புகுந்து ஒலிக்கும். சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் அப்படியொரு ஆர்கன் 1883-ல் வைக்கப்பட்டது. ஆனால் அதன் விலை, எடை, பராமரிப்பு எல்லாமே பெரிசு. சின்ன சர்ச்சுகளுக்குக் கட்டுப்படியாகாது. 1840-களில் பாரிஸைச் சேர்ந்த அலெக்சாண்டர் டெபெய்ன் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். குழாய்களுக்குப் பதில் ‘ரீட்’ எனும் பித்தளை நாக்குகள். காலால் மிதித்தால் காற்று வரும். மிஷனரிகள் அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள்.

கொல்கத்தா ஆபரேஷன்

நாற்காலி போட்டு வாசிக்கும் பெட்டி, தரையில் உட்கார்ந்து பாடும் நமக்கு எப்படிச் சரிப்படும்? கொல்கத்தாவின் துவாரகநாத் கோஷ், 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அதைக் கைப்பெட்டியாக்கினார். கால் மிதி போய், பின்பக்கம் துருத்தி வந்தது. இடது கை துருத்திக்கு, வலது கை கட்டைகளுக்கு. சுருதிக்கெனத் தனி ஸ்டாப்புகளும் சேர்ந்தன. பிறகு கட்டை வரிசையையே நகர்த்தும் ‘ஸ்கேல் சேஞ்சர்’ வந்தது. விரல் மாற்றாமலே சுருதியை மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் நாடக மேடையில் கால் ஆர்மோனியம் மவுசு இழக்கவில்லை. இரண்டு கையும் வாசிக்க ஃப்ரீ ஆச்சே!

31 வருஷத் தடை

ஆர்மோனியத்தில் ஸ்வரங்கள் தனித்தனியாகத்தான் வரும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் கமகம் வராது. ‘இது நம் இசைக்கு ஆகாது’ என்று எதிர்த்தவர்களில் தாகூரும் ஒருவர். 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971-ல்தான் அது தளர்ந்தது. ரேடியோ ஒதுக்கிய அந்தப் பெட்டியைத் தூக்கிப் பிடித்ததில் நாடக மேடைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

சுரண்டினால் சுருதி

இப்போது மேடைகளில் கீபோர்டும் வந்தாச்சு. ஆனால் ஆர்மோனியத்தைக் கழற்றிக் கையாலேயே சரிசெய்யலாம். ரீடின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். அடிப்பக்கம் சுரண்டினால் இறங்கும். ஒரு மயிரிழை அதிகமானாலும் வேறு சுருதிதான். அதனால், வீட்டுப் பரணில் தாத்தாவின் பழைய பெட்டி இருந்தால் எடைக்குப் போட்டுடாதீங்க. கைப்பழக்கம் உள்ள ரிப்பேர்காரரிடம் ஒருமுறை காட்டுங்க!