இரைச்சலின் அளவும் துடிப்பின் வடிவும்: ஜெர்மானியக் கதிர் உணரிகள் குறித்து

கோபால்ட்-60 உமிழும் 1332 கிலோஎலக்ட்ரான்வோல்ட் காமா கதிரை அளப்பவருக்கு மின்னணு இரைச்சல் பெரிய தொல்லை அல்ல. ஜெர்மானியத்தில் ஓர் எலக்ட்ரான்-துளை இணை உருவாக ஏறத்தாழ 3 எலக்ட்ரான்வோல்ட் போதும்; ஆகவே அக்கதிர் சுமார் நான்கரை லட்சம் இணைகளைத் தருகிறது. ஃபானோ காரணி 0.1 எனக் கொண்டால், இணைகளின் எண்ணிக்கை இயல்பாக ஏறியிறங்குவதால் மட்டும் உச்சியின் அரை உயர அகலம் 1.5 கிலோஎலக்ட்ரான்வோல்ட் ஆகும். அதனுடன் 0.5 அளவு மின்னணு இரைச்சல் சேர்ந்தாலும் மொத்தம் 1.6ஐ எட்டாது. 10 கிலோஎலக்ட்ரான்வோல்ட்டில் கதை வேறு: இயற்கையான அகலம் 0.13தான், அதே இரைச்சல் அதை விழுங்கிவிடும். ஒரு கிலோஎலக்ட்ரான்வோல்ட்டுக்கும் கீழே, கரும்பொருளையும் அணு உலை நியூட்ரினோவையும் தேடும் பகுதியில், அந்த உணரியால் எதையும் காண முடியாது.

இரைச்சலின் மூலங்கள் நன்கு அறியப்பட்டவை. முதல் டிரான்சிஸ்டரின் வெப்ப இரைச்சல் மின்தேக்குத்திறனோடு வளரும். துடிப்பை வடிகட்டும் நேரத்தை நீட்டினால் குறையும். கசிவு மின்னோட்டமும் பின்னூட்டு மின்தடையும் தரும் இரைச்சல் நேரம் நீள நீளப் பெருகும். இவ்விரண்டும் சமமாகும் இடமே வடிகட்டியின் உகந்த நேரம். அங்கே நின்று பார்த்தால் எஞ்சும் இரைச்சல் மின்தேக்குத்திறனின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம். நேரத்தோடு மாறாத மூன்றாவது வகை, அதாவது தாழ் அதிர்வெண்ணில் மிகும் இரைச்சல், மின்தேக்குத்திறனுக்கே நேர்விகிதம்; எந்த வடிகட்டியாலும் அதை முழுதாக விலக்க இயலாது. இலக்கமுறைச் செயலாக்கம் பற்றி எவ்வளவு எழுதினாலும், பெரிய ஆதாயம் மின்தேக்குத்திறனைக் குறைத்த படிக வடிவமைப்பிலிருந்தே வந்தது என்பதற்கு இந்தக் கணக்கே சான்று.

வழக்கமான ஓரச்சு உணரியின் மின்தேக்குத்திறன் சில பத்து பிக்கோஃபாரட். மின்வாயைச் சில மில்லிமீட்டர் அகலமுள்ள புள்ளியாகச் சுருக்கினால் அது ஒரு பிக்கோஃபாரட்டை நெருங்கும். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் லூக் குழுவினர் 1989இல் இதைச் செய்து காட்டினர். ஆயினும் மின்னூட்டம் வழியில் சிக்கிக்கொண்டதால் பிரிதிறன் மங்கியது. 2007இல் பார்போ, காலர், டென்ச் ஆகியோர் பி-வகைப் படிகத்தில் அதே எண்ணத்தை மீட்டெடுத்த பிறகே அது வேரூன்றியது. புதிய நிலைமையில் டிரான்சிஸ்டரின் சொந்த மின்தேக்குத்திறனும், கம்பியின், மின்பலகையின் சிறு பங்குகளும்கூடப் பொருட்படுத்த வேண்டியவை ஆயின. மஜோரானா என்ற ஆய்வுக் குழு உருக்கிய சிலிக்கா தகட்டின்மேல் படிக வடிவற்ற ஜெர்மானிய மின்தடையைப் படியவைத்துப் படிகத்தின் அருகிலேயே பொருத்தியது இதனால்தான்.

இரைச்சல் குறைந்ததும் வேறொரு சிக்கல் தலைதூக்கியது. அமெரிக்காவின் சூடான் சுரங்கத்தில் கோஜென்ட் ஆய்வு, சுமார் 0.5 கிலோஎலக்ட்ரான்வோல்ட் தொடக்க எல்லையுள்ள ஒரு படிகத்தைக் கொண்டு, குறைந்த ஆற்றலில் மிகுதியான நிகழ்வுகளைக் கண்டது. 2011இல் ஆண்டுதோறும் அவை ஏறியிறங்குவதாகவும் அறிவித்தது. கரும்பொருளா என்ற கேள்வி எழுந்தது. ஆனால் படிகத்தின் புற மேற்பரப்பில் லித்தியம் ஊடுருவிய அடுக்கில் நிகழ்பவை, மின்னூட்டத்தின் ஒரு பகுதியை மட்டும், அதையும் மெதுவாக, சேர்க்கின்றன. உள்ளே நிகழ்பவற்றிலிருந்து அவற்றைப் பிரிப்பது துடிப்பின் எழுச்சி நேரம். தொடக்க எல்லையை நெருங்கும்போது அதே இரைச்சல் எழுச்சி நேரத்தைக் குழப்பி இரு கூட்டங்களையும் ஒன்றாக்கிவிடுகிறது. பிற்கால மறுபகுப்பாய்வுகளில் அந்த மிகுதி இந்தப் பிரிப்பு முறையைச் சார்ந்தே எழுந்தும் விழுந்தும் நின்றது. சீனாவின் ஜின்பிங் ஆய்வகத்தில் சிடெக்ஸ் குழு அதே வகை உணரியைக் கொண்டு 2014இல் கரும்பொருள் என்ற விளக்கத்தை விலக்கியது.

ஆகவே மின்சுற்றில் நேரடியாகச் செலுத்தும் சோதனைத் துடிப்பின் அகலத்தை மட்டும் இரைச்சலின் அளவுகோலாக அறிவிப்பது போதாது என்பது என் வாதம். அந்தத் துடிப்பு மேற்பரப்பைத் தொடுவதே இல்லை. அதன் எழுச்சி நேரமும் எப்போதும் ஒன்றுதான். ஆற்றல்வாரியாக, எத்தனை உள்நிகழ்வுகள் உள்நிகழ்வாகவே அடையாளம் காணப்படுகின்றன என்ற வளைகோட்டையும் உடன் தரவேண்டும். வடிகட்டும் நேரத்தை நீட்டி அகலத்தைக் குறைக்கும்போது எழுச்சி நேரத் தகவல் கரைவதை அப்போதுதான் காணலாம்.

சுவிட்சர்லாந்தின் லைப்ஷ்டாட் அணு உலையில் கோனுஸ்+ குழு 0.16 கிலோஎலக்ட்ரான்வோல்ட் எல்லையில் நியூட்ரினோ அணுக்கருவில் மோதி மீள்தன்மையுடன் சிதறுவதைக் கண்டதாக 2025இல் வெளியிட்டது. அத்தகைய எல்லையில் அந்த வளைகோடு இன்னும் செங்குத்தாகச் சரியும்.