வேலையளிப்பவர் யார்? கிளவுட் சம்பள மென்பொருளில் சட்ட அலகுகளை அமைத்தல்

1. சிக்கல்

ஒரு கம்பெனி தன் மனிதவள, சம்பள வேலைகளைக் கிளவுட் மென்பொருளுக்கு மாற்றும்போது முதலில் எழும் கேள்வி எளிதாகவே தோன்றும்: இங்கே வேலை கொடுப்பவர் யார்? நியமனக் கடிதத்தின் தலைப்பில் உள்ள பெயரைச் சொல்லிவிட்டுப் பலரும் அடுத்த திரைக்குப் போய்விடுகிறார்கள். அதே கேள்வியை வருமான வரித் துறை, வைப்பு நிதி அலுவலகம், ஊராட்சி அலுவலகம் ஆகிய மூன்றிடமும் கேட்டால் மூன்று விடைகள் வரும். ஆரக்கிள் ஃபியூஷன் கிளவுட் எச்.சி.எம். மென்பொருளில் இந்தியக் கம்பெனி ஒன்றைப் பதிவது எத்தகைய வேலை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அந்த வேலையைத் தொழில்நுட்பப் பிரிவிடம் ஒப்படைப்பதே வழக்கம். ஆனால் அதன் உள்ளடக்கம் பெரும்பாலும் சட்டத்துக்குப் பொருள் காண்பதுதான்.

2. மென்பொருளின் பகுப்பு

சட்டப்படி பதிவுபெற்ற கம்பெனியை மென்பொருள் ‘லீகல் என்டிட்டி’ என்று கொள்கிறது. அதற்கு இரண்டு வேடங்கள் தரலாம். ஊழியரோடு ஒப்பந்தம் செய்பவர் என்ற நிலையில் அது ‘லீகல் எம்ப்ளாயர்’. சம்பளப் பிடித்தங்களுக்கும் அரசு அறிக்கைகளுக்கும் பொறுப்பானவர் என்ற நிலையில் அது ‘பேரோல் ஸ்டாட்யூட்டரி யூனிட்’, சுருக்கமாகப் பி.எஸ்.யு. ஒரே கம்பெனி இரண்டு வேடங்களையும் ஏற்கலாம். முதல் வேடத்தை மட்டும் ஏற்றால், அதை இன்னொரு பி.எஸ்.யு.வின் கீழ் இணைக்க வேண்டும். பி.எஸ்.யு.வுக்குக் கீழே ‘டேக்ஸ் ரிப்போர்ட்டிங் யூனிட்’ எனப்படும் வரி அறிக்கை அலகுகள் வரும், ஒரு பி.எஸ்.யு.வுக்கு இவை பல இருக்கலாம். மேலே ‘லெஜிஸ்லேட்டிவ் டேட்டா குரூப்’ நிற்கும். ஒரு நாட்டுச் சட்டத்தையும் அதன் நாணயத்தையும் ஒட்டிச் சம்பளத் தரவைப் பிரித்து வைப்பது அதன் வேலை. ஒரு குழுவில் பல பி.எஸ்.யு.க்கள் இடம்பெறலாம், ஒரு பி.எஸ்.யு. ஒரு குழுவுக்கு மட்டுமே உரியது.

பிசினஸ் யூனிட், டிபார்ட்மென்ட் போன்றவை நிர்வாக வசதிக்கானவை. எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். பி.எஸ்.யு. அப்படியல்ல. ஊழியரின் சம்பள உறவு அவருக்கும் பி.எஸ்.யு.வுக்கும் இடையே உருவாகிறது. ஆண்டு முழுதும் சேரும் தொகைகள் அந்த உறவின் மேல்தான் ஏறுகின்றன. சம்பளம் ஓடத் தொடங்கிய பிறகு இந்த எல்லையை நகர்த்துவது, குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரத்தைத் தோண்டுவது போன்றது.

3. இந்தியச் சட்டங்கள் வரையும் எல்லைகள்

3.1 வருமான வரி

ஒரு கம்பெனிக்கு ஒரே பேன் எண். சம்பளத்தில் வரி பிடிப்பவருக்குரிய டேன் எண் அப்படியல்ல. கிளைகள் தனித்தனியே பெற்றுக்கொள்ளலாம். ஆக, பேன் கம்பெனியின் அடையாளம். டேன் பிடித்துக் கட்டுபவரின் அடையாளம். முன்னது பி.எஸ்.யு.வுக்கும் பின்னது வரி அறிக்கை அலகுக்கும் பொருந்துகின்றன. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோதும் இந்தப் பிரிவினை மாறவில்லை.

ஒரே குழுமத்தின் இரண்டு கம்பெனிகளை ஒரே பி.எஸ்.யு.வின் கீழ் வைப்பதை மென்பொருள் தடுக்காது. அப்படி வைத்தால் பி.எஸ்.யு. மட்டத் தொகையில் இரண்டு கம்பெனிச் சம்பளமும் கூடித்தான் தெரியும். நடு ஆண்டில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவருக்கு இரண்டு கம்பெனிகளும் தனித்தனி வரிச் சான்றிதழ் தர வேண்டும். முந்தைய இடத்தில் வாங்கிய சம்பளத்தைப் புதிய கம்பெனிக்கு ஊழியர்தான் தெரிவிக்க வேண்டும். எனவே இந்தியாவில் தனிக் கம்பெனிக்குத் தனி பி.எஸ்.யு. என்பதே பொது விதியாக இருப்பது நல்லது. ‘பராமரிப்பு குறையும்’ என்று சொல்லி இரண்டையும் சேர்க்கச் சொல்பவர்கள், ஆண்டு முடிவு வேலையைச் செய்யப் போகிறவர்களாக இருப்பதில்லை.

3.2 வைப்பு நிதியும் ஈட்டுறுதியும்

மிகுந்த குழப்பம் இங்கேதான். 1952-ஆம் ஆண்டு வைப்பு நிதிச் சட்டம் கம்பெனியை அல்ல, தொழிலகத்தைப் பார்த்தது. பிரிவுகளும் கிளைகளும் ஒரே ஊரில் இருந்தாலும் வெவ்வேறு ஊர்களில் இருந்தாலும் ஒரே தொழிலகத்தின் பகுதிகளே என்று அதன் 2ஏ பிரிவு சொன்னது. 20 பேர் என்ற வரம்பைத் தவிர்க்க ஆளைப் பிரித்துக் காட்டும் வழியை அடைப்பதே அதன் பயன்.

தொழிலகத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதற்கு வழிகாட்டும் தீர்ப்பு, அசோசியேட்டட் சிமென்ட் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கியது. 1960 சட்ட அறிக்கைகளில் இடம்பெற்றது. அன்றைய பீகாரில் இருந்த சாய்பாசா சிமென்ட் ஆலைக்கு ராஜங்கா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக்கல் வந்தது. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய, கல் வராமல் ஆலையின் ஒரு பகுதித் தொழிலாளருக்கு வேலையில்லாமல் போனது. இரண்டும் ஒரே தொழிலகமானால் அவர்களுக்கு இழப்பீடு கிடையாது. உரிமை, நிர்வாகம், பணி நிபந்தனை, செயல்பாட்டுப் பிணைப்பு, இட அருகாமை எனப் பல அளவுகோல்களை எண்ணிய நீதிமன்றம், எந்த ஒன்றும் தனித்து முடிவு சொல்லாது என்றது. முடிவில் இரண்டும் ஒரே தொழிலகம் என்றது. அது தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கு. ஆனாலும் அதன் அளவுகோல்கள் வைப்பு நிதி வழக்குகளிலும் எடுத்தாளப்பட்டு வருகின்றன. அளவுகோல்களை இடம் பார்த்து எடைபோடச் சொல்லும் தீர்ப்பு அது. மென்பொருளோ ஒற்றைப் பெட்டியில் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று நிரப்பச் சொல்கிறது. அந்தப் பெட்டியை நிரப்பும் கன்சல்டன்ட், தெரியாமலேயே ஒரு தீர்ப்பு எழுதுகிறார்.

ஈட்டுறுதியில், அதாவது இ.எஸ்.ஐ.யில், தலைமையிடத்துக்கு ஒரு குறியீடும் கிளைகளுக்குத் துணைக் குறியீடும் உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவரே இதில் அடங்குவார். பங்களிப்புக் காலத்தின் நடுவில் வரம்பைத் தாண்டினாலும் அக்காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும். கிளை மாற்றத்தைப் புதுச் சேர்க்கை போலப் பதிந்தால் இந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். தனி அறக்கட்டளை வழியே வைப்பு நிதி நடத்தும் கம்பெனிகளுக்கு இன்னோர் அலகு வேண்டியிருக்கும்.

2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து இவற்றையெல்லாம் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. எனினும் வைப்பு நிதிக்கும் ஈட்டுறுதிக்கும் தனி அத்தியாயங்களும் தனி அமைப்புகளும் நீடிக்கின்றன. அலகுகளை இணைத்துவிடலாம் என்று அவசரப்படுவதற்கு இது காரணமாகாது.

3.3 தொழில் வரி

அரசியலமைப்பின் 276-ஆம் உறுப்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. தொகை சிறியது, வேலை பெரியது. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் மாநில அரசே மாதந்தோறும் வாங்குகிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகின்றன. தில்லியில் இந்த வரியே இல்லை. சென்னை மாநகராட்சிக்குள் அலுவலகமும் ஓர் ஊராட்சி எல்லைக்குள் ஆலையும் உள்ள கம்பெனி, ஒரே மாநிலத்துக்குள் இரண்டு இடங்களில் கட்ட வேண்டும். மும்பையிலிருந்து வடிவமைப்பு செய்யும் குழு ‘மாநிலத்துக்கு ஓர் அலகு’ என்று வகுத்துவிட்டால், தமிழ்நாட்டுக் கிளையின் கணக்கர் எக்செல் தாளைத் திறக்க வேண்டியதுதான்.

4. கம்பெனி மாறும் ஊழியர்

ஒரு குழுமக் கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஊழியரை மென்பொருள் ‘குளோபல் டிரான்ஸ்ஃபர்’ ஆகக் கையாள்கிறது: பழைய பணி உறவு முடிகிறது, புதியது தொடங்குகிறது. பி.எஸ்.யு.வும் மாறினால் சம்பள உறவும் புதிது. சட்டப்படி பார்த்தால் இது சரியே; சாலமன் வழக்கில் 1896-இல் பிரபுக்கள் அவை உறுதிசெய்த கொள்கைப்படி ஒவ்வொரு கம்பெனியும் தனி ஆள். ஆனால் பணிக்கொடை என்று வந்தால் ஊழியர் கேட்பது தன் முழுப் பணிக்காலத்தை. இதற்காகத்தான் மென்பொருளில் கம்பெனிக்கான பணிமூப்புத் தேதியும் குழுமம் முழுவதற்குமான பணிமூப்புத் தேதியும் தனித்தனியே உள்ளன. பணிக்கொடை சூத்திரம் எந்தத் தேதியைப் படிக்க வேண்டும் என்பதற்கு விடை திரையில் இல்லை. மாறுதல் கடிதத்திலும் கம்பெனிகளுக்கிடையேயான ஒப்பந்தத்திலும் இருக்கிறது.

5. தேதிகள்

அலகுகளுக்கு இடும் தொடக்கத் தேதி, மிகப் பழைய ஊழியரின் சேர்க்கைத் தேதிக்கு முன்னதாக இருக்க வேண்டும். பல திட்டங்களில் 1951 ஜனவரி 1 என்று இட்டுவிடுவது வழக்கம். 2008-இல் பதிவான கம்பெனிக்குக்கூட அதே தேதிதான். கம்பெனிச் செயலர் பார்த்தால் சிரிப்பார், ஆனால் கெடுதல் இல்லை.

கெடுதல் இணைப்பின்போது வரும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 230 முதல் 232 வரையிலான பிரிவுகளின் கீழ் இரண்டு கம்பெனிகள் இணையும்போது, திட்டத்தில் குறித்த நியமனத் தேதி தீர்ப்பாய ஆணைக்குப் பல மாதங்கள் முந்தியிருக்கலாம். அந்த மாதங்களுக்குச் சம்பளம் பழைய கம்பெனியின் பெயரில் ஓடி முடிந்து, வரியும் அதன் டேனில் கட்டப்பட்டிருக்கும். நிதிப் பிரிவு கணக்குகளை முன்தேதியிட்டு இணைத்ததைப் பார்த்து, ஊழியர் பதிவுகளையும் அதே தேதிக்கு நகர்த்தச் சொல்வார்கள். நகர்த்தினால் தாக்கல் செய்த காலாண்டு அறிக்கை ஒன்றையும் மென்பொருள் இன்னொன்றையும் காட்டும். இணைப்புத் திட்டத்தில் ஊழியர்கள் பற்றிய பத்தி தனியாகவே இருக்கும். அவர்கள் எந்தத் தேதியில் மாறுகிறார்கள் என்று அந்தப் பத்தியைப் படித்து உறுதிசெய்த பிறகே அலகை மாற்ற வேண்டும்.