இல்லாத நெபுலியமும் இருக்கும் ஒளிமுகிலும்

கண்ணுக்குப் புலனாகாத ஒன்று உண்டென ஒருவர் கூறின், அதனைச் சோதிப்பது எங்ஙனம்? சோதிடனும் மந்திரவாதியும் காணாததை நம்பென்பர். விஞ்ஞானியும் காணாத பொருள்களைப் பற்றியே பல வேளை பேசுகிறார். அங்ஙனமாயின் இவர்க்குள் வேற்றுமை யாது? வானநூல் வரலாற்றில் இதற்கு நல்லதொரு விடை உண்டு.

விண்மீன்களினிடையே மங்கிய புகைபோல் தோன்றும் படலங்களை நெபுலா என்பர். ஒளிமுகில் என்று நாம் கூறலாம். மிருகசீரிடமும் திருவாதிரையும் அடங்கிய ஓரியன் கூட்டத்தில் அத்தகைய முகிலொன்று வெறுங்கண்ணுக்கும் தெரியும். இவையெல்லாம் தொலைவிலுள்ள விண்மீன்களின் திரளே எனப் பலர் நெடுநாள் கருதினர். 1864-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், இலண்டனில் வில்லியம் ஹக்கின்ஸ் என்பார் வேறொரு முகிலின் ஒளியை நிறமாலைகாட்டியால் பிரித்து நோக்கினார். விண்மீன் ஒளிக்குரிய தொடர்ந்த நிறப்பட்டை அங்கில்லை. தனித்த ஒளிக்கோடுகளே இருந்தன. ஆகவே அது ஒளிரும் வாயு என்பது தெளிவாயிற்று. ஆனால் அதன் பசுங்கோடுகள் புவியில் அறிந்த எப்பொருளுக்கும் பொருந்தவில்லை. புதிய மூலப்பொருள் ஒன்று உண்டென எண்ணி, நாளடைவில் அதற்கு நெபுலியம் என்று பெயரிட்டனர்.

நான்காண்டு கழிந்து, 1868 ஆகஸ்டு 18-இல் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அதன் நிழல் இந்தியாவைக் கடந்து, மலாய்த் தீபகற்பத்தின் சயாம் பகுதியிலும் விழுந்தது. சயாம் மன்னர் மோங்குட்டின் அழைப்பை ஏற்று, நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னர் ஹாரி ஆர்டும் அங்குச் சென்றிருந்தார். இந்தியாவில் அதை ஆராய்ந்தவர்களுக்குச் சூரியனின் விளிம்பில் மஞ்சட்கோடு ஒன்று புலப்பட்டது. லாக்கியர் என்னும் ஆங்கிலேயர் அதனைத் தாமும் ஆராய்ந்து, ஹீலியம் என்னும் புதுப்பொருளின் ஒளியென்றார்.

இரண்டு பெயர்கள் பதிவாயின. தோட்டத்துக் கிராணி செக்ரோலில் பெயர் எழுதினால் மட்டும் போதாது. பெரட்டில் ஆள் வந்து நிற்கவேண்டும். ஹீலியம் வந்து நின்றது. 1895-இல் ராம்சே என்பார் யுரேனியம் கலந்த கனிமத்திலிருந்து அவ்வாயுவைப் பிரித்தெடுத்தார். நெபுலியமோ வரவேயில்லை. மூலப்பொருள்களின் அட்டவணையிலும் அதற்கு இடமில்லாது போயிற்று. 1927-இல் அமெரிக்கரான போவன் உண்மையைக் கணக்கிட்டுக் காட்டினார். நாம் சுவாசிக்கும் பிராணவாயுவே, தன் அணுவில் இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த நிலையில் அப்பசுமையொளியை வீசுகிறது. புவியிலே அணுக்கள் ஓயாது மோதிக்கொள்வதால் அவ்வொளி பிறக்க அவகாசமில்லை. மிகமிக நொய்ய அம்முகிலில் அவகாசமுண்டு. அன்றே நெபுலியத்தின் பெயர் அடிக்கப்பட்டது. பெரியோர் வைத்த பெயராயிற்றே என்று எவரும் அதனைக் கட்டிக் காக்கவில்லை.

புகைப்படக் கலையும் இவ்வாராய்ச்சிக்குத் துணைவந்தது. 1880 செப்டம்பர் 30-இல் ஹென்றி டிரேப்பர் ஓரியன் முகிலை 51 நிமிடம் தகட்டில் படியவைத்து முதன்முதலாகப் படமெடுத்தார். கண் ஒளியைச் சேமிப்பதில்லை, தகடு சேமிக்கிறது. அன்றியும், ஒளிமுகிலிலுள்ள ஹைட்ரஜன் வீசுவது பெரிதும் செவ்வொளியே. இருளில் மங்கிய செந்நிறத்தை நம் கண் ஏறக்குறைய காணாது.

இதனாலன்றோ தென்வானத்துப் பெருமுகிலொன்று நெடுங்காலம் மறைந்திருந்தது! அகத்திய விண்மீனுக்கு அருகே, ஏறத்தாழ 36 பாகை அகன்று, எழுபது முழுமதிகளை வரிசையாக வைத்தாற்போல் அது பரந்துள்ளது. அவ்விண்மீனை நம் முன்னோர் முனிவரென்று போற்றினர். முகிலை அவர் கண்டாரில்லை. ஆஸ்திரேலியரான காலின் கம் 1950-களில் செவ்வொளிப் படங்களின் வாயிலாக அதனைக் கண்டறிந்தார். இன்று அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

நம் கிள்ளான் 3 பாகை வடக்கில் இருத்தலின், தமிழ்நாட்டினும் உயரமாக அகத்தியன் இங்கே எழுகிறான். பிப்ரவரி மாத முன்னிரவில் தென்திசையில் நோக்குக. கோலாலம்பூரின் விளக்கொளி அம்முகிலை விழுங்கிவிடும். எனினும் ஹைட்ரஜனின் செவ்வொளியை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்தி, பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால், பிரிக்பீல்ட்ஸ் மாடியிலிருந்தும் அதன் பகுதிகளைப் பிடிக்கலாம். அது எடுப்பவரின் குலத்தையோ சமயத்தையோ கேளாது, யாவர்க்கும் ஒரே முகிலைக் காட்டும்.

வேற்றுமை இங்கேதான் உள்ளது. விஞ்ஞானி தான் கூறியதைச் சோதிக்கும் வழியையும் உடன் கூறுகிறார். சோதனையில் தவறினால் பெயரை அடிக்கிறார். நம் தொழிலாளர் வியர்வை சிந்தி ஈட்டிய காசைக் கேட்டு வருவோன், இராகுவும் கேதுவும் இன்னது செய்யுமென்பானாயின், ஹீலியத்துக்கும் நெபுலியத்துக்கும் வைத்த அதே சோதனையை அவன் கூற்றுக்கும் வைப்போமாக. பெரட்டில் ஆள் வந்து நிற்கட்டும். பின்னர்ச் சம்பளம் பேசலாம்.