கூவம்: முதலில் வற்றியது தண்ணீர்

திருவள்ளூர் மாவட்டத்துக் கூவம் கிராமத்தில் சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் கோயில் இருக்கிறது. சென்னை நகரத்தின் நடுவே ஓடும் ஆற்றுக்கு இந்த ஊரின் பெயர்தான். ஊர் ஏரி நிறைந்து கலங்கலில் வழியும் உபரிநீரில் ஆறு தொடங்குகிறது. கேசாவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரியும் தண்ணீரும் அதில் சேர்கிறது. கடலை அடையச் சுமார் 70 கிலோமீட்டர். மலையில் பிறக்காத ஆறு இது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரிகள் நிரம்பினால்தான் ஓட்டம் இருக்கும்.

திருவேற்காட்டைத் தாண்டி, கோயம்பேடு, அமைந்தகரை, சேத்துப்பட்டு, எழும்பூர் என வளைந்து வருகிறது கூவம். கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் இதைத் திருவல்லிக்கேணி ஆறு என்றார்கள். அவர்களது வணிகம் துணியை நம்பியிருந்தது. ஏற்றுமதிக்குத் துணி போதாத நிலையில், 1734இல் சென்னை ஆளுநர் மார்ட்டன் பிட், வணிகர் சுங்குராம செட்டியின் தோட்டம் இருந்த ஆற்று வளைவில் நெசவாளர்களைக் குடியமர்த்தினார். சின்னத் தறிப்பேட்டை என்ற பெயர்தான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது. அந்த இடம் பொருத்தமானதுதான். பாவு நீட்டிக் கஞ்சி போடத் திறந்த வெளியும் மர நிழலும் வேண்டும்; நெய்த துணியை அலசி வெளுக்க நல்ல தண்ணீர் வேண்டும். இரண்டும் அங்கே இருந்தன. கோமளீஸ்வரன்பேட்டையில் வாழ்ந்த வள்ளல் பச்சையப்ப முதலியார் இந்த ஆற்றில் நீராடிக் கோயிலுக்குப் போவார் என்பார்கள். அவர் இறந்தது 1794இல். அதுவரை கூவம் குளிக்கத் தகுந்த ஆறாகவே இருந்திருக்கிறது.

கூவத்தைக் கெடுத்தது சாக்கடை மட்டும் என்பது பாதிக் கதை. சாக்கடையை அடித்துச் செல்லும் ஓட்டம் அதற்கு இல்லாமல் போனதே பெரிய இழப்பு. நகரத்தின் தாகத்துக்காகக் கொசஸ்தலையாற்று நீர் வேறு பக்கம் திரும்பியது. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தபின், கேசாவரத்தில் அதற்கே முன்னுரிமை. கூவத்துக்குக் கிடைத்தது மிச்சம். சென்னை மக்கள் குடித்த தண்ணீரில் கூவத்துக்கு வரவேண்டிய பங்கும் இருந்தது.

கடல் பக்கமும் வழி அடைபட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய துறைமுகச் சுவர்கள், கரையோரமாக வடக்கே நகரும் மணலைத் தடுத்தன. மெரினா அகன்றது அப்படித்தான். அதே மணல் கூவத்தின் முகத்துவாரத்திலும் திட்டாகக் குவிந்தது. சென்னைக் கடலில் ஏற்றவற்றம் சிறியது; அலை உள்ளே வந்து ஆற்றைக் கழுவிப் போகும் வலுவும் இல்லை. மேலிருந்து ஓட்டமும் கீழே வாசலும் இல்லாத ஆற்றில், பெருகிய நகரத்தின் கழிவுநீர் வந்து தேங்கியது.

1967இல் அண்ணா ஆட்சியில் சீரமைப்பு தொடங்கியது. 1973இல் படகுப் போக்குவரத்தே விட்டார்கள். படகுத்துறைகளுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர் சூட்டினார்கள். ஆற்றை மக்களுக்குத் திருப்பித் தரும் நல்ல எண்ணம் அது. சில ஆண்டுகளில் படகுகள் நின்றன, துறைகள் பாழடைந்தன. அண்மைச் சீரமைப்பில் கரையோரக் குடிசைவாசிகளைப் பெரும்பாக்கம் போன்ற தொலைவான இடங்களுக்கு மாற்றினார்கள். வேலையும் பள்ளியும் நகரத்தில் இருக்க, அவர்கள் கொடுத்த விலை பெரிது.

பருவமழைக்கு முன்பு, முகத்துவாரத்தை ஒட்டிய நேப்பியர் பாலத்தருகே மண் அள்ளும் இயந்திரங்கள் வந்து நிற்கின்றன. மணல்திட்டை வெட்டி வழிவிட்டால் கறுத்த நீர் கடலில் கலக்கிறது. மழை ஓய்ந்ததும் அலைகள் மணலைக் கொண்டுவந்து வாயை மறுபடி மூடுகின்றன.