குழு ஆலோசனை (தேர்ச்சியில் பின்தங்கும் கல்லூரி மாணவர்க்கு)

திறன் இருந்தும் தேர்வில் பின்தங்கும் மாணவர் சிலர், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவருடன் குறித்த நாளில் கூடிப் பேசும் முறை. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காட்டு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டில் முதலிடம் பெற்ற கன்னியாகுமரி மாவட்டத்தில் இதன் தேவை கூடுதலே. எல்லோரும் படிக்கும் ஊரில் அரியர் வைத்தவர், தோற்றது தாம் மட்டுமே என்று எண்ணிக் குறுகுகிறார். அந்தத் தனிமையைப் பெரியவர் அறிவுரையைவிட, அதே நிலையில் இருப்பவரின் பேச்சு எளிதாகக் கலைக்கும்.

சோம்பலே காரணம், சிறப்பு வகுப்பு போதும் என்பாருண்டு. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் யூரி டிரைஸ்மன் கண்டது வேறு: கால்குலஸில் தடுமாறிய கறுப்பின மாணவர்கள் நன்றாகவே உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாக. கடினக் கணக்குகளைக் கூடிப் போடவைத்ததும் தேர்ச்சி உயர்ந்தது. அது பாடப் பட்டறைதான், ஆலோசனை அன்று. ஆயினும் குழுவின் வலுவுக்குச் சான்று. இன்னொரு மறுப்பைத் தள்ள முடியாது: உறவும் ஊரும் பின்னிய இம்மாவட்டத்து நாஞ்சில் நாட்டில், குழுவில் சொன்னது கோட்டாறு சந்தைவரை போய்விடுமோ என்ற அச்சம் நியாயமானது. எனவே ஒரே ஊராரையும் உறவினரையும் ஒரே குழுவில் சேர்க்கலாகாது. மதிப்பெண் போடும் ஆசிரியர் அதை நடத்தவே கூடாது.