கடலில்லாச் சமஸ்தானத்தின் கடல் வணிகம்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு ஒரு முழம் கடற்கரைகூடக் கிடையாது. இன்று மாவட்டப் படத்தில் நாம் காணும் மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம் முதலிய கரையூர்கள் அன்று சமஸ்தான எல்லைக்கு வெளியே, ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தன. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட இந்தச் சீமையும் பாக் நீரிணைக் கரையும் ஒரே மாவட்டமானது 1974-இல்தான். ஆனால் சரக்குப் போக்குவரத்து அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நடந்துவந்தது. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்பதைப் பெரும்பாலும் சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலேய மாகாண அரசே முடிவு செய்தது.

உப்பை எடுத்துக்கொள்வோம். சமஸ்தானத்தின் உவர்நிலங்களில் மண்ணைக் கரைத்து, வடித்து, காய்ச்சி உப்பெடுத்தார்கள். வரி கட்டாத இந்த உப்பு எல்லை தாண்டினால் மாகாண வருமானம் குறையும் என்று சென்னை அரசு கருதியது. சேஷையா சாஸ்திரி திவானாக இருந்த காலத்தில், 1887-இல், மண்ணுப்புக் காய்ச்சுவதை நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 38,000 ரூபாய் சமஸ்தான அரசுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் இந்தியாவில், ஏறத்தாழ 37 கிலோ கொண்ட மணங்குக்கு 2 ரூபாயாக இருந்த உப்பு வரி இரண்டரை ரூபாயாக உயர்ந்தது. சொந்த மண்ணில் காய்ச்சிய உப்பை விட்டுவிட்டு, வரியும் சேர்த்து விலை கொடுத்துக் கடலுப்பை வாங்கும் நிலைக்குக் குடியானவன் வந்தான். சாஸ்திரியாரின் நிர்வாகச் சீர்திருத்தங்களை நாம் போற்றுகிறோம்; அவை போற்றத் தக்கவையே. அவற்றோடு இந்த உடன்பாட்டையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

ஏற்றுமதியில் நிலக்கடலைக்குத் தனி இடம் உண்டு. வானம் பார்த்த செம்மண்ணில் விளையும் பணப்பயிர் அது. சென்னை மாகாணத்துக் கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929-இல்; அதுவரை சரக்கைச் சுமந்தது மாட்டுவண்டிதான்.

கரையோரத்து மரக்காயர்களின் தோணிகள் அரிசியை ஏற்றிக்கொண்டு இலங்கைக்குப் போய், பாக்கும் தேங்காயும் கொண்டுவந்தன. ஆனால் இந்தக் கரையிலிருந்து போனவற்றில் என் மனத்தை உறுத்துவது மனிதர்களின் பயணம்தான். மழை பொய்த்த ஆண்டுகளில் உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் என்ற ஆள்சேர்ப்பவர்கள் திரட்டிய குடும்பங்கள் அம்மாபட்டினம், தொண்டி கரைகளில் கப்பலேறி, இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் போயின. ஓர் ஆளின் கடனை எழுதிய துண்டுச் சீட்டைக் கொண்டே தோட்டத்துக்குத் தோட்டம் ஆளை மாற்றினார்கள். அந்த முறை 1921-இல்தான் ஒழிந்தது. இந்திய அரசு 1939-இல் இலங்கைக்குக் கூலியாட்கள் போவதற்கே தடை போட்டது. துறைமுகப் பதிவேட்டில் அரிசிக்கு விலை இருந்தது. இவர்களுடைய உழைப்புக்கு எந்தப் பத்தியிலும் விலை இல்லை.

1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியதும் இலங்கைப் பயணிகள் அந்த வழிக்குத் திரும்பினர். சிறு பட்டினங்கள் மீன்பிடி ஊர்களாகச் சுருங்கின.

கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம் பக்கத்துப் பழைய வீடுகளில் தோணிக் கணக்கு ஏடுகளோ, இலங்கைக் கடிதங்களோ, கங்காணிச் சீட்டுகளோ இருந்தால், அவற்றைப் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். திருக்கோகர்ணம் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு படியாவது கொடுங்கள்.